சமுதாய வானொலியில் செய்தி வாசிக்கக் கூடாதென்றால் ஊர்ச் சேதியை எப்படிச் சொல்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பக்கத்திலிருக்கும் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காக நடக்கும் சிறு எஃப்.எம். நிலையம், வாரத்துக்கு அரை மணி நேரம் தருகிறேன் என்கிறது. நீங்கள் நான்கு பேர். ஊர் நடப்பு, கலை, குடிநீர், சாலை, ரேஷன் என்று கலந்து ஒரு நிகழ்ச்சி செய்ய ஆசை. அதற்குள் யாரோ ‘சமுதாய வானொலியில் செய்தியே சொல்லக் கூடாது’ என்று பயமுறுத்திவிட்டார்கள். கூடவே எந்த மைக் வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மைக் விஷயம் சுலபம், பிறகு வருகிறேன். விதிக்குள் நின்றுகொண்டு, நான்கு பேர் கையுழைப்பில், நாலாவது மாதமும் மூச்சோடு இருக்கிற நிகழ்ச்சியை எப்படி அமைப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாதவை. இந்தியாவில் சமுதாய வானொலிகள் தாங்களாகத் தயாரித்த செய்தியையும் நடப்பு அரசியலையும் ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே, அல்லது பொருள் திரியாமல் உள்ளூர் மொழியில் பெயர்த்து, ஒலிபரப்பலாம். ஆனால் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. செய்தி என்ற கணக்கிலேயே சேராதவை எவை என்று விதியே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது: நேரடி வர்ணனை அல்லாத விளையாட்டுத் தகவல், போக்குவரத்து, வானிலை, கலை நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, தொழில் வழிகாட்டல். அதோடு மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்புகள். ஒரு சிற்றூரில் மனிதர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதில் முக்கால்வாசி இதற்குள்ளேயே வந்துவிடும்.

ஒலிபரப்பின் உள்ளடக்கத்தில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அதனால் நிலையத்துக்கும் நீங்கள் தேவை, நேரம் கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது இன்னொன்று. நிலையம் வைத்துக்கொள்ளும்தான், இருந்தாலும் உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். புகார் என்று வந்தால் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று நிரூபிக்க அது ஒன்றுதான் சாட்சி.

நிலையம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் இந்தக் கதவு திறந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது அப்படித்தான். 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபரில் வந்தது அந்த வழியில். கல்லூரி நடத்தும் நிலையம் வம்புக்கு அஞ்சும். தொண்டு நிறுவனம் நடத்துவது கொஞ்சம் துணிச்சலாக இருக்கும், ஆனால் தன் திட்டங்களின் பெருமையை உங்கள் நிகழ்ச்சிக்குள் நுழைக்கப் பார்க்கும். உரிமம் நிறுவனத்தின் பேரில் இருப்பதால் கடைசிச் சொல் அவர்களுடையது. நிலையத்தில் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். 2024 திருத்தத்தின்படி அதில் பாதிப்பேராவது பெண்கள். உங்கள் முதல் நான்கு வார நிகழ்ச்சிகளின் குறிப்பை எழுதி அந்தக் குழுவிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாய்மொழிச் சம்மதம் மேலாளர் மாறியதும் காற்றில் போய்விடும்.

இனி இரண்டுங்கெட்டான் இடம். ‘நாலாவது வார்டில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை’ என்று நீங்களாகச் சொன்னால் அது செய்தியா, அறிவிப்பா? விதியில் இதற்கு வரிக்கு வரி விடையில்லை. நடைமுறையில் நிலையங்கள் கைக்கொள்ளும் வழி ஒன்றைச் சொல்கிறேன், சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் தப்பு என்பதிலிருந்து தொடங்காதீர்கள், என்ன செய்யலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் எழுதித் தர வேண்டும், ரசீது வாங்குவது எப்படி, எத்தனை நாள் பொறுக்கலாம், பதில் இல்லாவிட்டால் அடுத்தது யார், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும் என்பது வரை சொல்லுங்கள். அந்த வார்டுப் பெண் ஒருவர் தண்ணீருக்காக விடிகாலையில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அவர் வாயாலேயே வரட்டும். பேரூராட்சியின் பதிலையும் அதே நிகழ்ச்சியில் சேருங்கள். பதில் தர மறுத்தால், எந்தத் தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை என்று மட்டும் சொல்லி நகருங்கள். ஒப்பந்ததாரர் பெயர், கமிஷன், கட்சி என்று இறங்கினால் நிலையத்தின் உரிமம் ஒருபுறம் ஆட்டம் காணும், அவதூறு வழக்கு மறுபுறம் வரும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் பதவியிலிருப்பவர், போட்டியிடுபவர் எவருடைய குரலும் வேண்டாம். சேமிப்பிலிருக்கும் கலை நிகழ்ச்சிகளை அந்த வாரங்களில் ஓட்டுங்கள்.

செய்திக்குத் தடை இருப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அச்சில் ஒரு சிறுபத்திரிகை சொல்லக்கூடியதை 50 வாட் ஒலிபரப்பி சொல்லக் கூடாது என்பதற்குத் தர்க்கம் கிடையாது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தடை நீங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்கான நிலையம். காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதைவிட அங்கே பெரிய சேதி எது? அதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லையே.

அரை மணி என்பது கையில் 28 நிமிடம்தான், மீதி நிலையத்தின் அறிவிப்புக்கும் விளம்பரத்துக்கும் போய்விடும். முகப்புக்கு ஒரு நிமிடம், ஊர் அறிவிப்புகளுக்கு ஐந்து, ஒரே ஒரு பொது விஷயத்துக்கு ஒன்பது, கலைக்கு எட்டு, போன வாரத்துக்கு நேயர்கள் சொன்ன பதிலுக்கு மூன்று, முடிப்புக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொது விஷயம் ஒன்று என்றால் ஒன்றுதான். சாலை, சாக்கடை, தெருவிளக்கு மூன்றையும் ஒன்பது நிமிடத்தில் தொட்டால் கேட்டவருக்கு எதுவும் நிற்காது.

அறிவிப்புகள்தான் சீக்கிரம் ஊசிப்போகும் பண்டம், அதிகத் தவறு நடப்பதும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ஒலிபரப்பு என்று வைத்துக்கொண்டால், மற்றதை எல்லாம் செவ்வாய், புதனுக்குள் முடித்துவிட்டு, அறிவிப்பை ஒலிபரப்புக்கு முந்தைய நாள் பதிவு செய்யுங்கள். அதைத் தனிக் கோப்பாகவே நிலையத்துக்குக் கொடுங்கள், மறு ஒலிபரப்பின்போது அதை மட்டும் எடுத்துவிடலாம். ‘நாளை’, ‘இன்று மாலை’ என்ற சொற்களை அடியோடு விட்டுவிடுங்கள். ‘12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, இன்ன துணைமின் நிலையத்துப் பகுதிகளில் மின்தடை’ என்று சொல்லி, தேதியையும் நேரத்தையும் இரண்டாம் தடவை சொல்லுங்கள். வானொலியில் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. எந்த அறிவிப்பும் எழுத்தில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் எழுத்தாகாது. மின்வாரியம், பேரூராட்சி, ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் ஒருவரைப் பிடித்து, வியாழக்கிழமை மதியத்துக்குள் தகவல் தரச் சொல்லிப் பழக்குங்கள். முதல் மாதம் நீங்கள்தான் நாலு முறை அழைக்க வேண்டியிருக்கும். அறிவிப்பு ரேடியோவில் வந்ததும் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்பு குறைகிறது என்று தெரிந்தால் அவர்களே அனுப்பத் தொடங்குவார்கள்.

கிராம சபை நாட்களை நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம், வரவு செலவுக் கணக்கை எங்கே பார்க்கலாம், தீர்மானம் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி. அடுத்த வாரம், நிறைவேறிய தீர்மானங்களை ஊராட்சி தந்த பிரதியிலிருந்து வாசிக்கலாம். கூட்டத்தில் யார் யாரோடு மல்லுக்கட்டினார் என்று விவரித்தால் அது செய்தியாகிவிடும். கேட்பதற்கு அதுதான் சுவையாக இருக்கும் என்பது வேறு கதை.

பேட்டியில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, ‘ஆமா’ என்று பதில் வருகிற கேள்வி. ‘ரொம்பக் கஷ்டமா இருக்கா?’ என்றால் ‘ஆமாங்க’வோடு கதை முடிந்தது. ‘நேத்து காலையில என்ன பண்ணீங்க?’ என்று கேட்டால் ஐந்து நிமிடம் கிடைக்கும். இன்னொன்று, எதிரில் பேசுகிறவர் ஒவ்வொரு வரி சொல்லும்போதும் நீங்கள் ‘ம்… ம்…’ போடுவது. பேச்சில் அது மரியாதை, பதிவில் வெட்டி ஒட்டவே விடாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். அதிகாரிகள் மாநிலப் புள்ளிவிவரத்தை ஒப்பிக்க வருவார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சார், நம்ம பெரியார் தெருவுக்கு எப்ப?’ என்று கேளுங்கள். நிகழ்ச்சியில் வைக்க வேண்டியது அந்தப் பதிலை.

மொழி பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நிகழ்ச்சி நிற்பதும் விழுவதும் அதில்தான். எழுத்துத் தமிழைப் பார்த்து வாசித்தால் பழைய வானொலியின் நகல்போல் இருக்கும். முழுக்க அரட்டைத் தமிழில் போனால் தனியார் எஃப்.எம். தொகுப்பாளரின் நகலாகிவிடும். அறிவிப்பை மட்டும் எழுதிவைத்து, வாக்கியத்தைப் பேச்சின் முடிப்போடு எழுதுங்கள்: ‘நடைபெறவுள்ளது’ வேண்டாம், ‘நடக்குது’ அல்லது ‘நடக்கப்போகுது’ போதும். மற்ற பகுதிகளுக்கு நான்கைந்து குறிப்புச் சொல் மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் வயதானவர்களுக்குக் காதில் ஒட்டாது. ‘1,47,350 ரூபாய்’ என்று வாசிக்காமல் ‘கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம்’ என்று சொல்லுங்கள். வட்டார வழக்கு உங்களுக்கு இயல்பாக வருவது எதுவோ அதுவே போதும், வரவழைத்துக்கொண்ட வழக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மேலத்தெருப் பெரியவரை ‘ஐயா’ என்றும், காலனியில் அதே வயதுக்காரரைப் பேர் சொல்லியும் கூப்பிடும் பழக்கம் உங்களுக்குத் தெரியாமலேயே பதிவுக்குள் வந்துவிடும். கேட்பவர்களுக்கு அது உடனே உறைக்கும். எல்லோருக்கும் ஒரே மரியாதை விகுதி என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். எந்தத் தெருவிலிருந்து எத்தனை குரல் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போகவே இல்லை என்பது தெரியும்.

கலைப் பகுதிக்கு வருவோம், இங்கேதான் சமுதாய வானொலிக்கு நிகரில்லை. சினிமாப் பாட்டை மறந்துவிடுங்கள். அதற்கு உரிமம் வேண்டும், தவிர அதைக் கேட்க உங்கள் நிகழ்ச்சிக்கு யாரும் வரப்போவதில்லை. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, தென்மாவட்டமாக இருந்தால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, வடக்கே தெருக்கூத்து என்று ஊரிலேயே கிடக்கிறது. பாட்டு வழிவழியாக வந்ததாக இருந்தாலும் பாடியவருக்கு அந்தப் பதிவின்மேல் சட்டப்படி உரிமை உண்டு. பதிவின் தொடக்கத்திலேயே பேர், ஊர், ‘வானொலியில் போடச் சம்மதம்’ என்பதை அவர் குரலில் பதிந்துகொள்ளுங்கள். இணையத்திலும் ஏற்றுவதாக இருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள். முடிந்த பணம் கொடுங்கள், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்பாரி கேட்கும்போது கவனம் தேவை. சாவு வீட்டில் மைக்கை நீட்டக் கூடாது. வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்து ஒப்பாரி பாடுவது ஆகாது என்று நினைக்கிற பெண்கள் அதிகம். வயல் ஓரமோ, களமோ, எங்கே பாடலாம் என்று அவர்களையே கேளுங்கள்.

பறையைப் பதிவு செய்யும்போது மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒலி கிழிந்துவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். தீயில் காய்ச்சித் தோல் இறுகிய பிறகு அடிக்கும் ஒலிதான் உச்சம், எனவே காய்ச்சி முடித்தபின் மிகப் பலமான அடியை அடிக்கச் சொல்லி அதற்கு அளவை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சும் முன்பு ஒரு நிமிடம், பின்பு ஒரு நிமிடம் என்று இரண்டையும் ஒலிக்கவிட்டால் விளக்கமே தேவைப்படாது. நாதசுரத்தோடு தவில் சேரும்போது தவில் மூழ்கடித்துவிடும். மைக் நாதசுரத்தின் பக்கம் இருக்கட்டும், ஆனால் அதன் கீழ்முனையில் விரிந்திருக்கும் அணைசுக்கு நேர் எதிரே வேண்டாம், காதைக் குத்தும்.

இப்போது கருவி. பேச்சுக்கு டைனமிக் வகை மைக் ஒன்று போதும். கண்டென்ஸர் மைக் விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைத்து வாங்குவார்கள். அது தெருநாய், மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் அகலத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும், நேராக ஊதாமல் சற்றுச் சாய்த்துப் பேசுங்கள். பதிவின் உச்ச அளவு மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் பிறகு ஏற்றலாம், மேலே போய் வெட்டுப்பட்டது திரும்பாது. அறைக்குச் செலவு வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, பின்னால் மெத்தையைச் சாய்த்தால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. அந்த இரைச்சலைப் பிறகு மென்பொருளில் நீக்கப் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

வெளியே போகும்போது செல்போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, மைக் துளையைக் காற்றுக்கு மறைத்து, பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லாதீர்கள், ஒலி சுருங்கிக் கரகரப்பாகும். பதிவுச் செயலியில் பதிந்து, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். தொகுப்புக்கு இலவசமான ஆடாசிட்டி மென்பொருள் போதும். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்து, மோனோவாகவே, அதாவது ஒரே தடத்தில், தொகுத்துக் கொடுங்கள். கேள்வி கேட்பவர் இடது பக்கமும் பதில் சொல்பவர் வலது பக்கமுமாக ஸ்டீரியோவில் விட்டால், ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகியவருக்குப் பாதிப் பேச்சே வராது.

இத்தகைய நிகழ்ச்சிகள் சாவது பெரும்பாலும் ஆள் களைத்துப்போவதால்தான். ஒரு நிமிடப் பேட்டிக்கு மூன்று, நான்கு நிமிடப் பதிவு தேவைப்படும். தொடக்கத்தில் 28 நிமிடம் உருவாக எல்லோருமாகச் சேர்ந்து வாரத்துக்கு 12 முதல் 15 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அனுபவக் கணக்கு, ஊருக்கு ஊர் கூடும் குறையும். தொகுப்பு தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் நிகழ்ச்சி கிடையாது, ஆகவே இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். தேதி சாராத மூன்று நிகழ்ச்சிகளைத் தயாராக அலமாரியில் வைத்த பிறகுதான் முதல் ஒலிபரப்புக்கே சம்மதிக்க வேண்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நிலையம் இப்போது மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கான கட்டணம் 10 நொடிக்கு 74 ரூபாய். ஊர் நகைக்கடைக்காரர் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் ‘இந்த நிகழ்ச்சியை வழங்குவோர்’ என்று அவர் பெயரைப் போட முடியாது. அரசோ, பொதுநலத் தகவலுக்காக வேறு அமைப்புகளோ தவிர மற்றவர்கள் நிகழ்ச்சிக்குப் புரவலராக விதியில் இடமில்லை. யாராவது தாராளமாக முன்வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

யார் கேட்கிறார்கள் என்று அறிய பெரிய கணக்கெடுப்பு எதுவும் இவ்வளவு சிறிய நிலையத்துக்குக் கிடையாது. 30 மீட்டர் கோபுரத்திலிருந்து ஒலி நல்லபடியாக எட்டுவது பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள். குன்று மறைத்தால் அதுவும் இல்லை. புதிய செல்போன்கள் பலவற்றில் எஃப்.எம். இல்லை, இருப்பதிலும் வயர் வைத்த இயர்போன் செருகினால்தான் ஆன்டெனா வேலை செய்யும். ஆகவே தையல் கூடம், சலூன், டீக்கடை என்று ரேடியோ ஓடும் இடங்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். ‘எங்க நிகழ்ச்சி கேட்டீங்களா?’ என்றால் முகத்துக்காக ‘கேட்டேன்’ என்பார்கள். ‘போன வாரம் அதுல என்ன சொன்னாங்க?’ என்று கேளுங்கள். மிஸ்டு கால் கொடுக்க ஓர் எண்ணை நிகழ்ச்சியில் மூன்று முறை சொல்லி, வந்த எண்களில் பத்துப் பேரை வாரம் தவறாமல் அழைத்துப் பேசுங்கள். நேரம் பேசும்போது சீரியல் ஓடும் மாலையைத் தவிருங்கள். விடிகாலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஓர் ஒலிபரப்பு, வேறொரு நாள் மதியம் தையல் மெஷின் ஓடும் நேரத்தில் மறு ஒலிபரப்பு என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.